உப்புக்கண்டமும் பஸ்துர்மாவும்

யாழ்ப்பாணம் வந்தால் நல்ல இறைச்சிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி நாங்கள் களைத்துப்போனோம். ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோனகத்தெருவில், ஐந்து சந்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தக் கடை இருக்கிறது. ஐந்து சந்தி என்றாலே பழைய ஆட்கள் மொக்கன் கடையைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுவார்கள். இது அதுவல்ல. இதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை. காலையில் இறைச்சிக்கடை, அஸர் தொழுகைக்குப் பிறகு அதே கட்டிடத்தின் பின்பக்கம் சாப்பாட்டுக்கடை. நான்கு மேசை. கை கழுவும் இடம் வெளியே, அதுவும் ஒன்றுதான். குறை என்று சொல்வதானால் அதைத்தான் சொல்லவேண்டும். நாநாவிடம் பல தடவை சொல்லியும் பார்த்துவிட்டோம். "சேர், சாப்பாட்டப் பாருங்க, பைப்பப் பாக்காதீங்க" என்கிறார்.

அவருடைய பெயரையும் படத்தையும் போடவில்லை. "பேஸ்புக்கில போட்டா சனம் வரும், எனக்குக் கை ரெண்டுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஊர்க்காரருக்கு யாரென்று தெரியும்.

பராட்டாவும் பாபத்தும்தான் அங்கே முதல் சாப்பாடு. பாபத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சுரண்டி, கழுவி, பிறகு இரண்டு மணித்தியாலம் அவியவிட்டு, வறுத்த யாழ்ப்பாணத்துத் தூளில் பிரட்டி எடுப்பார். சில கடைகளில் அளவைக் கூட்டிக் காட்ட உருளைக்கிழங்கு போடுவார்கள். இங்கே அது கிடையாது. ஈரல் பிரட்டல் வெள்ளிக்கிழமை மட்டும். கொத்துரொட்டியும் உண்டு, அது எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான்.

ஆனால் நாங்கள் போவது உப்புக்கண்டத்துக்காக. போயா தினத்தில் நாடு முழுக்க இறைச்சிக்கடை பூட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான் நாநா சாடியைத் திறப்பார். கொழுப்பு முழுவதையும் நீக்கிவிட்ட தொடை இறைச்சியை விரல் தடிப்பில் நீளமாக வெட்டி, உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் பிசறி ஓரிரவு வைத்து, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார். கொழுப்பு கிடந்தால் காறிப்போகும். உப்பு நீரை இழுக்கும், வெயிலும் காற்றும் மிச்சத்தைப் போக்கும், நீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் விஞ்ஞானம்தான். சாப்பிடக் கேட்டால் சுடுநீரில் ஊறவைத்து, உரலில் இடித்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலையோடு தேங்காயெண்ணெயில் பொரித்துத் தேசிக்காய் பிழிந்து தருவார். புட்டோடு சாப்பிடவேண்டும். பாணோடு கேட்பவர்களை அவர் கொஞ்சம் ஒருமாதிரித்தான் பார்ப்பார்.

எங்கள் உம்மா அதைச் சாப்பிடுவதில்லை. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பொதியைத் திறந்து மணந்து பார்ப்பார், பிறகு மூடி எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். 1990 இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை தொடக்கத்தில் வந்தது. சோளகக் காற்றுக் காலம், காயவைக்கத் தோதான நேரம். குர்பான் இறைச்சியில் எங்கள் பங்கை உம்மா உப்புக்கண்டம் போட்டுச் சாடியில் அடைத்து அடுப்படித் தட்டில் வைத்திருந்தார். அந்த ஒக்டோபர் 30 ஆம் திகதி எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், போனோம், அதோடு சரி. வீடு, நகை, உறுதி எல்லாவற்றையும் பற்றி உம்மா பிற்காலத்தில் கதைத்திருக்கிறார். ஆனால் புத்தளத்து முகாமில் முதல் மாதம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சாடியைத்தான். "பாதிதான் எடுத்தம், மிச்சம் அப்படியே கிடக்கு" என்பாராம்.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வாப்பா வந்து பார்த்தார். கூரையும் இல்லை, அடுப்படியும் இல்லை. நாங்கள் குடும்பமாகத் திரும்பியது யுத்தம் முடிந்த பிறகு. எங்கள் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். உப்புக்கண்டம் என்ற சொல்லையே இந்தக் கடையில்தான் படித்தார்கள்.

எங்களோடு கற்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் மாடு சாப்பிடமாட்டார். முதல் நாள் கூட்டிக்கொண்டு போனபோது வாசலிலேயே தயங்கி நின்றார். நாநா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "வாங்கோ சேர், உங்கட கல்லு வேற." உண்மையாகவே வேறு கல்தான். முட்டை ரொட்டிக்கும் கோழிக்கும் தனிக் கல், தனிக் கரண்டி, தனி எண்ணெய். யாரும் கேட்டு வைத்ததல்ல, வாப்பா காலத்து வழக்கம் என்றார். இப்போது அந்த சேர் எங்களை விட அடிக்கடி போகிறார். 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யவும், சாப்பிடுபவர்களுக்கு இறக்குமதி இறைச்சி கொடுக்கவும் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, நாநாவிடம் முதலில் வந்து "இனி என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டவரும் அவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். நாநாவின் மகன் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். அங்கே கடைகளில் பஸ்துர்மா என்று ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறதாம், எடை போட்டுத் தாள் போல மெல்லியதாக வெட்டித் தருகிறார்களாம். துருக்கிக்காரரின் சரக்கு. மாட்டிறைச்சிக்கு உப்பிட்டு, பாரம் வைத்து நீரை வெளியேற்றி, காயவிட்டு, வெந்தயம், உள்ளி, மிளகாய் அரைத்த பசையைக் கனமாகப் பூசி மறுபடி காயவிடுவது. இதே சொல்தான் ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்களோடு நியூயோர்க் போய்ப் பஸ்ற்ராமி ஆனது, அங்கே அதைப் புகைபிடித்து ஆவியில் அவிக்கிறார்கள். "எங்கட கண்டத்துக்கு வெந்தயம் பூசினா அதுதானே, வாப்பா" என்று மகன் சொல்ல, வீட்டில் சண்டை தொடங்கியது. வெந்தயம் மீன்குழம்புக்கு, இறைச்சிக்கு இல்லை என்பது நாநாவின் கட்சி.

மகன் கேட்கவில்லை. ஒரு துண்டைச் செய்தே விட்டார். போன போயாவுக்கு எங்களுக்கு இரண்டையும் வைத்தார்கள். பஸ்துர்மாவை வெட்டி முட்டையோடு பொரித்திருந்தார். உள்ளி தூக்கலாக இருந்தது, வெந்தயக் கசப்பு நாக்கின் பின்பக்கம் நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுப்பகுதி இன்னும் ஈரம். இந்த வெக்கையில் அவ்வளவு தடித்த துண்டை வெயிலை நம்பித் தொங்கவிடுவது சரியில்லை என்பது எங்கள் அபிப்பிராயம், அவரிடமே சொன்னோம். குளிரூட்டி வேண்டும், சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு முறையாகச் செய்யவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். திரும்பிப் போக ரிக்கட் கையில் இருக்கிறது, இன்னும் ஆறு கிழமை. கடை உழைக்கும் என்று தெரிந்தால் நிற்பேன் என்கிறார். நாநாவுக்கு வயது அறுபத்தெட்டு, மற்ற மகன்மார் புத்தளத்தில் வீடு கட்டிவிட்டார்கள்.

நாநா எங்களைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டது இது: "சேர், அந்த வெந்தயச் சாமானுக்கு என்ன விலை போடலாம்?"

வருகிற போயாவுக்கும் இரண்டும் இருக்கும். பஸ்துர்மா இம்முறை மெல்லிய துண்டில். மஃரிபுக்கு முன் போனால் இடம் கிடைக்கும். உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் சொல்லவில்லை. மற்றது, கண்டத்துக்கு முதலில் மஞ்சளா மிளகா என்று நாநாவுக்கும் அவர் தங்கச்சிக்கும் தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது. சோனகத்தெருவில் எழுபது தாண்டிய கைகாரிகள் யாராவது இருந்தால் வந்து தீர்த்துவையுங்கள்.