உப்பு நீரும் உழவு யந்திரமும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம்மவர் சொல்வது டிராக்டருக்குப் பொருந்துவதில்லை. ஓடுகிற வரையில் அதற்கு ஒரு மதிப்பு. எஞ்சின் நின்றுபோன மறுகணம் வேறொரு மதிப்பு. தரகர் வந்து டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி உதட்டைப் பிதுக்கும்போது அது மூன்றாவது மதிப்பு.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில், சொந்த நிலம் கொஞ்சமும் குத்தகை நிலம் கொஞ்சமுமாகப் பயிரிட்டு ஜீவனம் செய்துவரும் என் மைத்துனனுக்குச் சென்ற சொர்ணவாரிப் பட்டத்தில், சேற்றுழவு பாதி முடிந்திருந்த சமயத்தில் இந்தச் சங்கடம் நேர்ந்தது. அவன் தகப்பனார் காலத்தில் வாங்கிய மாஸி பெர்குஸன் 1035, மூன்று சிலிண்டர் வண்டி, ரேடியேட்டர் கொதித்து, வெண்புகை கக்கி, இரும்போடு இரும்பு இடிக்கும் ஓசையுடன் வரப்போரமாக நின்றுவிட்டது. மீதி உழவை வாடகை வண்டி வைத்து முடித்தார்கள். அதன்பின் வீட்டில் தினந்தோறும் ஒரே பிரஸ்தாபம்: செப்பனிடுவதா, தள்ளிவிடுவதா?

பட்டறையில் மேஸ்திரி சம்ப்பைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். வடிந்த ஆயில் பால் ஊற்றின காப்பியின் நிறத்தில் இருந்தது. அதாவது ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஆயிலோடு கலந்திருந்தது. பேரிங்குகளின் மேற்பூச்சு தேய்ந்து அடியிலிருந்த செம்பு தெரிந்தது. அவர் கிராங்கைத் துணியால் துடைத்து, பேரிங் உட்காரும் இடத்தின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். நகம் ஓரிடத்தில் இடறிற்று. “இதுக்கு மேல அளந்து பார்க்கணுமா சார்?” என்று சொல்லிக்கொண்டே மைக்ரோமீட்டரையும் வைத்துப் பார்த்தார். கிராங்க் முன்பே இரண்டு தடவை கிரைண்டிங் கண்டு ‘இருபது’க்கு வந்திருந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் இருபது பங்கு கனத்தைக் கடைந்தெடுத்து, அதற்கேற்பத் தடித்த பேரிங்கைப் போட்டிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். இனி ‘முப்பது’ ஒன்றுதான் பாக்கி. அதற்கப்பால் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

பிறகு பிளாக்கின் தண்ணீர் வழிகளில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். பழுப்பும் வெள்ளையுமாகத் துருவும் உப்பும் ஏடு ஏடாய் உதிர்ந்தன. “போர் தண்ணிதான் ஊத்துறீங்களா?” என்று கேட்டார். மைத்துனன் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படியவைத்த மணலின் அடியில் நல்ல நீர் நிறைந்திருப்பதைக் கண்டு, அறுபதுகளில் தொடங்கி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்கிணறுகள் தோண்டி, மணலியின் ஆலைகளுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் இடைவிடாது இறைத்தார்கள். இறைத்த இடத்தைக் கடல் வந்து நிரப்பிற்று. அறுபதுகளின் இறுதியில் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு நீர், எண்பதுகளில் 9 கிலோமீட்டர் வரை உள்ளே ஏறிவிட்டதாக நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டணத்துக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன், 2010ஆம் ஆண்டு பக்கத்துக் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அதற்கு மீஞ்சூர் ஆலை என்றே பெயர். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆலை கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க, எங்கள் கிணறுகளோ கடலையே மொண்டு கொடுக்கின்றன.

ஆகவே அந்த எஞ்சினைக் கெடுத்த குற்றத்தை அதைச் செய்தவர்கள் மீது சுமத்த நியாயமில்லை. செய்தவர்களும் தூரத்தில் இல்லை. 1960இல் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் செம்பியத்தில் மாஸி பெர்குஸன் வண்டிகளை உருவாக்க, அவற்றுக்கு எஞ்சின் கொடுத்தது சென்னையிலேயே இருக்கும் சிம்ப்ஸன் கம்பெனி. இந்தச் சாமீப்யத்தால் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இவ்வளவு பழைய வண்டிக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிபாகம் கிடைக்கும். அங்கே இல்லையென்றால் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். பிஸ்டன், லைனர், பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் வேலை, கூலி எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குக் குறையாது என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். தரகரோ வண்டி இருக்கிற ஸ்திதியில் அறுபதாயிரம் தருவதாகச் சொன்னார். அவர் வாங்கி அதைச் செப்பனிட்டு விற்பாரா, அல்லது துண்டு துண்டாக்கிக் கும்மிடிப்பூண்டியின் உலைகளுக்கு அனுப்பிக் கட்டடக் கம்பியாக்குவாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக்காரர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி கைமாறிய பிறகு எங்கேனும் ஒரு விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு பழைய வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

“மாமா, இப்ப டிராக்டருக்கு வரி பன்னெண்டுலேர்ந்து அஞ்சாக் குறைஞ்சிடுச்சே, புதுசே எடுத்துட்டா என்ன?” என்றான் மைத்துனன். குறைந்தது வாஸ்தவம், ஆனால் வரி குறைந்தாலும் தவணை தவணைதான். புதிய வண்டிக்குக் கடன் வாங்குகிறவன் இன்னும் ஐந்தாறு வருஷங்களுக்கு இந்த நிலத்தில் உழவு இருக்கும் என்ற நிச்சயத்தோடு கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகமும், மறுபக்கம் தொழிற்பேட்டையும், இடையில் மனைப்பிரிவுக் கற்களுமாக இருக்கும் இந்தப் பிரதேசத்தில், குத்தகைக்கு விட்டவர் எந்த மாதம் நிலத்தை விற்பார் என்று யாரால் சொல்ல முடியும்? பட்டறையில் மேஸ்திரி எஞ்சினுக்கு ஆயுள் சொல்லிவிடுவார். நிலத்துக்கு ஆயுள் சொல்லும் மேஸ்திரி எவரும் கிடையாது. இதை யோசியாமல் செலவுக் கணக்கை மட்டும் கூட்டிக் கழிப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிளாக்கில் விரிசல் கண்டிருந்தாலும், கனெக்டிங் ராட் முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலும் விற்றுவிடு என்றே சொல்லியிருப்பேன். இங்கே பிளாக் முழுசாக இருக்கிறது; கியரும் ஹைட்ராலிக்கும் பழுதில்லை; கிராங்குக்கு இன்னும் ஒரு கிரைண்டிங் மிச்சமிருக்கிறது. கடனில்லாத வண்டி, நிலம் இருக்கிற வரையில் உழும். குத்தகை கைவிட்டுப் போனால் அன்றைக்கு ஓடுகிற வண்டியாக விலை போகும். ஆகையால் முப்பதுக்குக் கிரைண்டிங் போட்டுச் செப்பனிடச் சொன்னேன். சம்பா உழவுக்குள் வேலை முடிந்தது. இந்தக் கிராங்க் மறுபடி கெட்டால் என்னிடம் யோசனை கேட்க வர வேண்டாம், முறையாகப் பெயர் மாற்றிக்கொடுத்து விற்றுவிடு என்றும் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு விண்ணப்பம்: ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள்; கூலண்ட் ஒரு டப்பாவின் விலை, எந்தக் கணக்கில் பார்த்தாலும், ஒரு ஹெட் கேஸ்கெட் வேலையின் கூலியைவிடக் குறைவு.