பேர் இல்லாத பை

ஒரு படப் புத்தகத்தில்தான் அந்தப் பையைப் பார்த்தேன். கையகலப் பை. வெல்வெட் துணியில், கண்ணாடிப் பாசிமணியால் பூவும் இலையும். கீழே குறிப்பு: 'இராக்வாய். 19ஆம் நூற்றாண்டு. செய்தவர் பெயர் தெரியவில்லை.'

இராக்வாய் என்பது வெள்ளைக்காரன் புழங்கின பேர். அந்த ஆறு இனத்து மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹோடினோஷோனி, நீண்ட வீட்டு மக்கள். 1779இல் வாஷிங்டன் அனுப்பிய படை அவர்களுடைய 40க்கு மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தியது. விளைந்து நின்ற சோளத்தையும் விடவில்லை. பிறகு ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் போட்டு நிலத்தைப் பிடுங்கினார்கள். நிலம் போன வீட்டில் அடுப்பெரிய வைத்ததில் பெண்களின் ஊசிக்கும் பங்குண்டு. நயாகரா அருவியை வேடிக்கை பார்க்க வந்த சீமாட்டிகளிடம் டஸ்கரோரா பெண்கள் பை விற்றார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். இடம் கொள்கிற அளவைவிடக் கூடுதலாக மணி கோத்து நூலை இறுக்கினால், மணிவரிசை வளைந்து மேலே எழும்பும். தட்டைத் துணியில் இதழ் புடைத்து நிற்கும். கணக்குத் தெரியாத கைக்கு இது வராது. இதைத்தான் வேடிக்கைச் சாமான் என்று விற்றார்கள், வாங்கினார்கள்.

நான் தமிழ் எம்.ஏ. பேர் தொலைந்த சங்கப் புலவருக்கு அவர் சொன்ன உவமையையே பேராக்கி, செம்புலப்பெயனீரார் என்று மரியாதையோடு படித்தவன். இந்தப் பெண்ணுக்கு அப்படி யாரும் பேர் வைக்கவில்லை. வைக்கவும் வேண்டியதில்லை. பை வாங்கும்போது கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

அவர்களுடைய வாரிசுகள் இன்றும் தைக்கிறார்கள். தங்கள் பேரிலேயே விற்கிறார்கள். பழைய பைக்கும் குறிப்பைத் திருத்துங்க. 'பெயர் தெரியவில்லை' என்று போடாதீங்க. 'நாங்க கேட்கல' என்று போடுங்க.