மண்வழி வண்டியின் வெள்ளோட்டம்

மோட்டார் சைக்கிள் என்பது வேலைக்குச் செல்லவும், ரேஷன் அரிசி ஏற்றிவரவும், பண்டிகைக்கு மாமியார் வீடு போய்த் திரும்பவும் ஏற்பட்ட ஊர்தி என்பதே நம் தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் கொள்கை. நல்ல தார்ச்சாலை இருக்க, அதனை விட்டிறங்கிக் கல்லிலும் மண்ணிலும் குதித்தோடுவதற்கென்றே ஒரு வண்டி செய்வார்கள். அதனைக் கடன்பட்டு வாங்கவும் ஆள் இருப்பார்கள் என்றால், நம் தாய்மார்கள் வியப்படைவதில் வியப்பில்லை.

அவ்வாறு வியப்படைந்தவர்களுள் நம் தமக்கையாரும் ஒருவர். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், நாள்தோறும் மாரிக்குப்பம் வண்டியில் போய்வருபவன், மாதத் தவணையில் ஹீரோ நிறுவனத்தாரின் எக்ஸ்பல்ஸ் 210 என்னும் வண்டியை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். “நீ ஓட்டிப் பார்த்துச் சொல்லு தம்பி. அவன் இதை வச்சிருக்கலாமா, வித்துடச் சொல்லட்டுமா?” என்று தமக்கையார் தீர்ப்பை நம்மிடம் விட்டார். நாமோ இரயில்வே குமாஸ்தா. பத்தாண்டுகளுக்கு மேலாக ஸ்பிளெண்டர் வண்டியில் ஊர்கோம் நிலையத்திற்கும் வீட்டிற்குமாகப் போய்வந்த பழக்கமே நமது மோட்டார்க் கல்வி. எனினும் கேட்டவர் தமக்கையாராதலின் மறுக்க இயலவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லுமுன், அதன் குலத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். மேடு பள்ளங்களில் மோட்டார் சைக்கிளை விரட்டிப் பந்தயம் விடும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. 1924ஆம் ஆண்டு கேம்பர்லி என்னுமிடத்தில் நடந்த போட்டியை அதன் தொடக்கமாகக் கூறுவர். பின்னர் அதற்கு மோட்டோகிராஸ் என்ற பெயர் நிலைத்தது. அசல் மோட்டோகிராஸ் வண்டியில் விளக்கில்லை, ஹாரன் இல்லை, எண் பலகையும் இல்லை. பொதுச்சாலையில் அதனை ஓட்டச் சட்டம் இடந்தராது. கவாசாகி நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் விற்கும் கே.எக்ஸ். 65 இவ்வகையைச் சேர்ந்தது. 64 சி.சி. எஞ்சின், 60 கிலோ எடை, சிறுவர்கள் பழகுவதற்கானது. அறிமுகமானபோது விலையோ மூன்று இலட்சத்துக்கு மேல்! அவ்விலைக்கு நம் பக்கத்தில் ஒரு கறவை மாட்டுப் பண்ணையே வைக்கலாம்.

மருமகனின் வண்டி அதற்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். பதிவு எண் பெற்றுச் சாலையிலும் ஓடும்; மண்ணிலும் இறங்கும். 2025 சனவரியில் டில்லிக் கண்காட்சியில் இதன் விலையை அறிவித்தபோது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலட்சம் என்றார்கள். 210 சி.சி. எஞ்சின், நீரால் குளிர்விக்கப்படுவது, ஆறு கியர், இருபத்துநான்கு குதிரைத் திறனுக்குச் சற்று மேல். நமது ஸ்பிளெண்டரின் திறன் எட்டுக் குதிரை என்றறிக.

ஆண்டர்சன்பேட்டையைக் கடந்து, கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் தைலமரத் தோப்புக்கும் இடையே செல்லும் செம்மண் வண்டிப்பாதையை வெள்ளோட்டத்திற்குத் தேர்ந்தோம். முதலில் ஏறி அமர்வதே ஒரு கலையாயிருந்தது. இருக்கையின் உயரம் 830 மில்லிமீட்டர். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய நமக்கு இரு பாதங்களின் முன்பகுதியே தரையைத் தொட்டது. வண்டியின் எடையும் ஏறத்தாழ 170 கிலோ. நிற்கும்போது எருமையைப் பிடித்து நிறுத்தியது போன்ற உணர்ச்சி. ஆனால் பத்தடி நகர்ந்ததும் அந்தப் பாரம் எங்கோ மறைந்துவிடுகிறது.

முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. இரண்டும் கம்பிச் சக்கரங்கள். பெரிய சக்கரத்தின் பயன் யாதென்பதை, வழியில் கிடந்த முதற் கல்லே நமக்குக் கற்பித்தது. ஸ்பிளெண்டராயின் அக்கல்லில் இடித்துக் கைப்பிடியைத் திருப்பிவிடும். முதுகெலும்பு வரை செய்தி போகும். இஃது அதன்மேல் ஏறி அப்பால் இறங்கிவிட்டது. முன்னால் 210, பின்னால் 205 மில்லிமீட்டர் வரை ஷாக் அப்சார்பர்கள் அமுங்கி எழுவதால் குழியின் அடி நம் உடலுக்கு வருமுன்பே தேய்ந்துபோகிறது. மழைநீர் அறுத்த வாய்க்கால் ஒன்று குறுக்கிட்டது. வண்டியின் அடிவயிறு தரைக்கு 220 மில்லிமீட்டர் மேலே இருப்பதால் எங்கும் உராயவில்லை.

“உட்காராதீங்க மாமா, நின்னு ஓட்டுங்க!” என்று பின்னாலிருந்து மருமகன் கூவினான். கால்தாங்கியின்மேல் எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கியை அணைத்து, முழங்கைகளைச் சற்று அகற்றி, சக்கரத்தின் எதிரே பாராது தொலைவிலே பார்வையை வைக்க வேண்டுமாம். முப்பது வயதைக் கடந்து, பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்து பதிவேடு எழுதும் உடம்பு இதற்கு எளிதில் இணங்குமா? தொடை நடுங்கியது. ஆயினும் நின்றபின் விளங்கிற்று: உடலின் பாரம் இருக்கையை விட்டுக் கால்தாங்கிக்கு இறங்குகிறது, வண்டி நமக்குக் கீழே தன்னிச்சையாக ஆடுகிறது, நாம் ஆடுவதில்லை. மணலில் பின்சக்கரம் வாலாட்டும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென விடாமல் மெல்லக் கூட்ட, அது தானே நேராகிறது. முன்பிரேக்கை இறுகப் பிடிப்பது மட்டும் ஆகாது. தளர்ந்த மண்ணில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆளைக் கீழே சாய்த்துவிடும். ஏ.பி.எஸ். அமைப்பைச் சாலைக்கு ஒருவிதமாகவும் மண்ணுக்கு வேறுவிதமாகவும் மாற்றிக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள். குறைகளும் உண்டு. மிக மெதுவாகத் திருப்பும் இடத்தில் உயரமும் எடையும் சேர்ந்து குட்டையானவரை அச்சுறுத்தும். பெண்டிரைப் பின்னால் அமர்த்திச் சந்தைக்குச் செல்ல இது உகந்த ஊர்தியன்று. சேலையோடு ஏறுவதற்கே ஒரு மணை வேண்டும்.

அரைமணி நேரத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டியிருப்போம். ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் கைதட்டிச் சிரித்தார். இத்தனை மகிழ்ச்சியாக நாம் ஒரு பாதையைக் கடந்து நெடுங்காலமாயிற்று என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

“வண்டி நல்ல வண்டி” என்று தீர்ப்பளிக்க வாயெடுத்தபோதுதான் மருமகன் அடுத்த செய்தியைச் சொன்னான். வரும் ஞாயிறன்று தோழர்களுடன் சயனைட் மேட்டில் ஏறப் போகிறானாம்.

பிற ஊர்களில் வாழும் அன்பர்களுக்காகச் சொல்கிறோம்: சுரங்கத்தினின்று எடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைட் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவை நூறாண்டுக் காலமாகக் கொட்டிக் குவித்தவையே இம்மேடுகள். இவை பதின்மூன்று, ஆயிரம் ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் என்பது அரசின் கணக்கு. இவற்றில் எஞ்சியிருக்கும் பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்கு 2024 சூனில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மழை அறுத்த மடிப்புகளோடு வெண்மையாக எழும் அம்மேடுகள் வண்டியோட்டிகளுக்குப் பாலைவனம் போல் காட்சியளிப்பதால், பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள்.

ஆனால் அம்மண் மண்ணன்று. முகமாவினும் நுண்ணிய கல்தூள். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகளே நுரையீரலின் அடிவரை சென்று தங்கி அதனைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு இன்றும் தீர்க்கும் மருந்து இல்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் அத்துகளைத் தடுக்காது. முன்னே ஒருவன் சக்கரத்தால் புழுதி கிளப்ப, பின்னே பத்துப் பேர் அதனை மூச்சு வாங்க வாங்க உள்ளிழுத்துச் செல்கிறார்கள். ஒருநாள் ஓட்டத்தால் நோய் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வாராவாரம் அதே மேட்டுக்குப் போவதே நமக்கு அச்சம். காற்றுக் காலத்தில் அத்தூள் லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வருவதை நாம் அறிவோம்; அதனை மேலும் கிளறிவிடுவானேன்?

மருமகன் கேட்ட கேள்வி ஒன்று நம்மைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. “வெளியூர்க்காரன் வந்து ஓட்டலாம்; தாத்தா வெட்டின மண்ணுல நான் ஓட்டக் கூடாதா மாமா?” என்றான். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின் பிறந்த பிள்ளை அவன். இவ்வூரில் அவன் தலைமுறைக்கென மிஞ்சியது அந்த மேடு ஒன்றுதான் என்று அவன் எண்ணினால் அதில் தவறு காண்பது எளிதன்று. நாம் விடை தேடிக்கொண்டிருக்கையில், முறத்தை வைத்துவிட்டு எழுந்த தமக்கையார், “உங்க தாத்தா அந்த மண்ணை நெஞ்சுக்குள்ளயே வீட்டுக்குக் கொண்டாந்தாருடா. கடைசி ரெண்டு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினாரு. பார்த்தவ நான்” என்றார். அவருடைய மாமனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறை துளைத்தவர். தமக்கையாரின் கோபம் வண்டியின்மீதன்று என்பது அப்போதுதான் நமக்கும் விளங்கிற்று.

பிறகு பேச்சு வேறு திசைக்குச் சென்றது. பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ், 2015ஆம் ஆண்டு தென்னமெரிக்காவில் நடந்த டாக்கார் பந்தயத்தில் 36ஆம் இடம் பெற்றார். அப்பந்தயத்தை மோட்டார் சைக்கிளில் ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவரே. அவர் நம் கோலார் மாவட்டத்திலேயே பிக்ராக் என்னும் பெயரில் மண்வழி வண்டிகளுக்கான பயிற்சிக் களம் அமைத்திருக்கிறார். உலகறிந்த வீரர் ஒருவரின் களம் அண்டையில் இருக்க, கழிவு மேட்டில் யாரும் கற்பிக்காமல் ஏறி விழுவானேன் என்று கேட்டோம். கட்டணம் கேட்பார்களே என்றான். மருத்துவரும் கேட்பார் என்றார் தமக்கையார்.

வண்டியை விற்க வேண்டாம் என்பது முடிவு. செம்மண் பாதையில் ஓட்டலாம், தலைக்கவசமும் கணுக்கால் மறைக்கும் பூட்ஸும் இன்றி ஓட்டலாகாது, மேட்டுக்குப் போவதில்லை. தோழர்களிடமும் இதனைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அவர்கள் கேட்பார்களா என்பது வேறு. தவணை இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது. அதனை அவனே கட்டுவான். களத்தில் முதல்நாள் பயிற்சிக் கட்டணம் தமக்கையாரின் சீட்டுப் பணத்திலிருந்து. முழங்கால் கவசம் நமது செலவு.