அண்டா வாடகைக்கு எடுக்கிற ஊர்

எங்க ஊருக்கு மேயர் உண்டு, கவுன்சில் உண்டு, தனியா முத்திரை கூட உண்டு. போலீஸ் மட்டும் கிடையாது!

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில, ஆர்ட்டீசியா பக்கத்துல ஒரு சின்ன ஊர். ரோந்து வர்ற கார்ல கவுன்ட்டி ஷெரிஃப் பேர்தான் இருக்கும். ரொம்ப நாள் நான் அதைக் கவனிச்சதே இல்லை. கவனிக்க வச்சது ஒரு கொயோட்டி, அதாவது நம்ம குள்ளநரிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பக்கத்து வீட்டு கொரியாக்காரத் தாத்தாவோட பூனையை ராத்திரி தூக்கிட்டுப் போயிடுச்சு. அவருக்கு இங்கிலீஷ் சரளமா வராதுன்னு சிட்டி ஹாலுக்கு நான் போன் போட்டேன். எடுத்த அம்மா பொறுமையா சொன்னாங்க: "அதுக்கு எங்ககிட்ட ஆள் இல்லைங்க. கவுன்ட்டிகிட்ட சொல்லித்தான் வரவழைக்கணும்."

தோண்டிப் பார்த்தா சுவாரசியமான சமாச்சாரம். பொதுச் சேவை ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. ஊர் கையெழுத்துப் போட்டு வச்சுக்கும். கொயோட்டி தொல்லையா, ரோடு வேலையா, ஊர்ச் சட்டத்தை மீறினவர் மேல வழக்கா, எது தேவையோ அதை அப்பப்போ கேட்டுக்கலாம். செஞ்ச வேலைக்கு மட்டும் காசு. கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுக்கிற மாதிரின்னு வச்சுக்குங்களேன். வருஷத்துல ஒரு நாள் விருந்துக்கு யாராவது நூறு படி அண்டாவை விலைக்கு வாங்குவாங்களா?

இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது லேக்வுட். 1950ல ஆரம்பிச்சு மூணு வருஷத்துல சுமார் 17,500 வீடு கட்டினாங்க. பக்கத்துல இருந்த லாங் பீச் அதை விழுங்கப் பார்த்தது. தனி ஊராகலாம்னா போலீஸ், நாய் பிடிக்கிறவர், ரோடு போடுறவர்னு எல்லாரையும் வேலைக்கு வைக்கக் காசு எங்க? 1954ல ஊராகிட்டு, சேவைகளைக் கவுன்ட்டிகிட்டயே விலைக்கு வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஊருக்கு ஊர் இதே கதைதான். இன்னிக்கு செரிட்டோஸ்னு சொல்ற இடம் 1956ல டெய்ரி வேலின்னு ஊரானது, மாட்டுப் பண்ணைகளைக் காப்பாத்த! இப்போ கவுன்ட்டியில இருக்கிற 88 ஊர்ல 40-க்கும் மேல ஷெரிஃப்கிட்டதான் போலீஸ் வாங்குது.

வாங்குறதுன்னா நிஜமாவே கடையில வாங்குற மாதிரிதான். 56 மணி நேர யூனிட்னு ஒண்ணு இருக்கு. வாரம் ஏழு நாளும் எட்டு மணி நேரம் ஒரு டெபுடி. எத்தனை யூனிட் வேணும்னு ஊர் சொல்லணும்.

இதுல லாபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொலை விசாரணைப் பிரிவையும் ஹெலிகாப்டரையும் எங்க ஊர் சொந்தமா வச்சுக்க முடியுமா? ஆனா அண்டாவுல கடைக்காரர் பேர்தானே வெட்டியிருக்கும்? ஷெரிஃபை மொத்தக் கவுன்ட்டியும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குது. பிடிக்கலைன்னா எங்க கவுன்சில் அவரை நீக்க முடியாது. லீ பாகான்னு ஒருத்தர் பல வருஷம் ஷெரிஃபா இருந்தார். சிறை விவகாரத்துல எஃப்.பி.ஐ. விசாரணையைத் தடுத்தார்னு 2017ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. டெபுடிகள் மேல வர்ற வழக்குகளுக்குன்னு ஒப்பந்த ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நிதி கட்டுது. எங்க தெருவுல ஒண்ணுமே நடக்கலைன்னாலும் பங்கு உண்டு.

எல்லாத்தையும் வெளியில விட்டா என்ன ஆகும்னு பார்க்க மேவுட் போதும். 2010 ஜூலையில ஊழியர்களைக் கிட்டத்தட்ட எல்லாரையும் அனுப்பிட்டாங்க. போலீஸ் வேலை ஷெரிஃபுக்கு, ஆபீஸ் வேலை பக்கத்து ஊரான பெல்லுக்கு. அதே மாசம்தான் பெல்லோட நிர்வாகி ராபர்ட் ரிஸோ வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குறது வெளியே வந்தது. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம் அப்படி!

இதெல்லாம் படிச்ச வேகத்துல கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். டெபுடி ரேட் ஏறிடுச்சு, ஒரு யூனிட்டைக் குறைக்கலாமான்னு பேச்சு. நான் குடியிருக்கிற தெருவுல ராத்திரி கார் வருமா வராதாங்கிற கேள்வி அது. வந்திருந்த பொதுஜனம் பதினோரு பேர். அதுல நாலு பேர் சாரணர் பசங்க, பேட்ஜுக்காக வந்தவங்க. கையைத் தூக்கி, "குறைச்சா எந்த நேரத்துல குறைப்பீங்க?"ன்னு கேட்டேன். மேனேஜர் கணக்கைப் பார்த்துட்டு, அடுத்த கூட்டத்துல சொல்றேன்னார்.

ஆளை அனுப்புறது கவுன்ட்டி, சரி. எத்தனை பேர், எப்போன்னு கேட்கிறது மட்டும் இன்னும் எங்க கையிலதான் இருக்கு. அதையும் பேட்ஜ் பசங்ககிட்ட விட்டுட முடியாதில்ல? அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. இந்தப் பக்கம் இருக்கிறவங்க உங்க உங்க ஊர்க் கூட்டத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. காபி ஓசி :-)