சோலூர் சித்தியும் என் காமிராவும்

போன வருஷம் என் அம்மா தவறிப்போனபோது, மாலை போட்டு வைக்க வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். கலங்கித்தான் தெரிந்தது. பதினாறாம் நாள் வரை அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அம்மாவுக்கு ஒரே தங்கை, சோலூர் சித்தி. வயது எழுபத்தெட்டு. அவளையாவது நன்றாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று என் மகனின் காமிராவைக் கேட்டேன். "ஆட்டோவில வச்சு அமுக்கினாப் போதும்மா" என்றான். எனக்குப் போதவில்லை. அப்பர்ச்சர் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம்தான் அப்பர்ச்சர். நம் கண்ணின் பாப்பா வெயிலில் சுருங்கி, இருட்டில் விரிகிறதல்லவா? அதே மாதிரி. என்னைக் குழப்பியது எண்கள்தான். 2.8 என்றால் பெரிய துவாரம், 16 என்றால் சின்னதாம்! அப்புறம் புரிந்தது, இது பங்குக் கணக்கு. ஒரு தட்டு மைசூர்பாகை இரண்டாகப் போட்டால் பெரிய துண்டு, பதினாறாகப் போட்டால் சின்னத் துண்டு. 50 மி.மீ. லென்ஸில் எண் 2 என்றால் துவாரம் 25 மி.மீ.; 16 என்றால் 3 மி.மீ. சொச்சம். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறையும்.

இந்தப் பாடத்தோடு ஊட்டியில் பஸ் ஏறினேன். கூடலூர் ரோட்டில் இந்து நகர் வந்தது. 1960-ல் தொடங்கி, 1967 முதல் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இருந்த இடம். இன்று மூடிக் கிடக்கிறது. எத்தனை வீட்டு ஆல்பங்களின் கறுப்பு வெள்ளை முகங்கள் இங்கே தயாரான ஃபிலிமில் பதிந்தவையோ!

சோலூர் வந்து இறங்கியதும் மூக்கு நுனி சில்லிட்டது. எங்கு பார்த்தாலும் தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், மேலே மெல்லிய மூடுபனி.

வாசலில் சித்தியை நிற்க வைத்து 2.8-ல் எடுத்தேன். முகம் அத்தனை தெளிவு! பின்னால் எல்லாம் பச்சைப் புகை. பெருமையாகக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நான் முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச தோட்டம் எங்க? உங்க சித்தப்பா நட்ட மரம் எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பெரிய துவாரத்தில் ஒரு தூரம் மட்டுமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் தெளிய வேண்டுமானால் துவாரத்தைச் சுருக்க வேண்டும். நாலடி பின்னால் போய், எண்ணை 11-க்கு மாற்றினேன். படம் ஆடிவிட்டது! நாலு படி ஏறியதில் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிட்டதே. நொடியில் 250-ல் ஒரு பங்கு திறந்த ஷட்டர் இப்போது 15-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க, என் கை நடுக்கமும் சேர்ந்து பதிந்துவிட்டது.

ஸ்வெட்டரை மடித்துத் திட்டுச் சுவரில் வைத்து, அதன்மேல் காமிராவை அழுத்திப் பிடித்தேன். "சித்தி, மூச்சு விடற நேரம் அசையாம இருங்க."

"மாலை போடற படத்துக்கா இந்தப் பாடு?" என்றாள் சித்தி, சிரித்துக்கொண்டே.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விரல் மட்டும் அமுக்கியது. அந்தச் சிரிப்பு, சுருக்கம் விழுந்த கைகள், பின்னால் தோட்டம், சித்தப்பாவின் மரம், எல்லாம் வந்திருந்தன.

"உன்ற அம்மா மாதிரியே நீயும் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒதுங்கி நிக்காதே. வா இங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பத்து நொடி டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை வரும் ஞாயிறே ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுங்கள். முகம் மட்டும் போதுமென்றால் சின்ன எண், அவர்கள் வாழ்ந்த இடமும் வேண்டுமென்றால் பெரிய எண். மறக்காமல் நீங்களும் ஒரு படத்தில் நில்லுங்கள்.