ஒடெசாவின் வெள்ளிக்கிழமை இரவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரினின்று மேற்கு நோக்கி ஏறத்தாழ 350 மைல் சென்றால் ஒடெசா என்னும் ஊரை அடையலாம். வழியில் மலை இல்லை. நிழல் தரும் மரமும் அரிது. வானமும் வறண்ட நிலமும் சந்திக்கும் கோடு ஒன்றே கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சமவெளியெங்கும் எண்ணெய் இறைக்கும் இரும்புப் பொறிகள், நம் ஊர் ஏற்றம்போல, ஓயாமல் தலை தாழ்த்தி நிமிர்கின்றன.

1881-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நிலையமாகத் தோன்றிய இவ்வூர், 1920-களில் நிலத்தடி எண்ணெய் கண்டறியப்பட்டபின் நகரமாக வளர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் ஓர் இலட்சத்துப் பதினாலாயிரம் பேருக்குச் சற்று மேல். எண்ணெயின் விலை உயர்ந்தால் ஊர் செழிக்கும். விழுந்தால் கடைகள் மூடப்படும். 1986-இல் விலை சரிந்தபோது வங்கிகள் நொடித்தன, வீடுகள் கைமாறின. ஆயினும் ஒடெசா மக்களுக்குச் சரியாத செல்வம் ஒன்று உண்டு என்று சொல்வார்கள். அது பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் அணி.

ஃபுட்பால் என்றதும் நம் வாசகர்கள் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டத்தை எண்ணிவிடல் கூடாது. இது வேறு. நூறு கெச நீளமுள்ள களத்தில், பக்கத்துக்குப் பதினொருவராக, தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து ஆடுகின்றனர். நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறான் ஒருவன். எதிரணியினர் அவனை மோதித் தரையில் வீழ்த்துகின்றனர். வேகம், வலிமை, கூட்டுறவு மூன்றும் வேண்டிய ஆட்டம். முழங்கால் முறிவும் தலையதிர்ச்சியும் இதனுடன் பிறந்தவை. ஆடுவோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

1959-இல் திறக்கப்பட்ட பெர்மியன் பள்ளி 1965, 1972, 1980, 1984, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் மாநில வெற்றிப் பட்டத்தைப் பெற்றது. 1984-இல் மட்டும் அப்பட்டத்தை மற்றொரு பள்ளியுடன் பகிர்ந்துகொண்டது. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கருப்பும் வெள்ளையும் உடுத்த குடும்பங்கள் ராட்லிஃப் விளையாட்டரங்கை நோக்கித் திரளுகின்றன. பாட்டனார் பேரனின் கைபிடித்து வருகிறார். மாணவர் இசைக்குழு முழங்குகிறது. அண்டை வீட்டாரை அறியாத பெருநகரங்களைக் கண்டு சலித்த நமக்கு, ஓர் ஊர் முழுவதும் தன் பிள்ளைகளைக் காண ஒன்றுகூடும் அந்தக் காட்சி உள்ளத்தைத் தொடாமற் போகாது. அந்த அன்பை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே நம் கேள்வி.

ராட்லிஃப் அரங்கு 1982-இல் 56 இலட்சம் டாலர் செலவில் எழுந்தது. அக்காலத்தில் ஏறத்தாழ 19,000 பேர் அமரும் வகையில் அமைந்திருந்தது. ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்டுள்ளது. ஒரு கல்லூரிக்கும் பெருமை தரக்கூடிய இவ்வரங்கம் பள்ளிச் சிறுவர்களுக்கென்று கட்டப்பட்டது.

1988-ஆம் ஆண்டில் பிசிங்கர் என்னும் பத்திரிகையாளர் இவ்வூரில் குடியேறி, ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் இவ்வணியுடன் இருந்தார். 1990-இல் அவர் வெளியிட்ட நூல் நாடெங்கும் பேசப்பட்டது. அவர் தரும் கணக்கு இது: அப்பருவத்தில் அணி வெளியூர் செல்லத் தனி விமானங்களுக்கு மட்டும் சுமார் 70,000 டாலர் செலவாயிற்று. அதே பள்ளியின் ஆங்கிலத் துறைக்குப் பாடப் பொருள்களுக்காகக் கிடைத்ததோ 5,040 டாலர். இருபது ஆண்டு அனுபவமும் முதுகலைப் பட்டமும் பெற்ற ஆசிரியருக்கு ஆண்டுக்கு 32,000 டாலர் சம்பளம். ஃபுட்பால் பயிற்சியாளருக்கு 48,000 டாலரும், ஆண்டுதோறும் ஒரு புதுக் காரும். ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அறிய அதன் செலவுப் புத்தகத்தைப் பார்த்தால் போதும் அல்லவா? ஊருக்கும் அது பொருந்தும்.

அந்தப் பயிற்சியாளரின் நிலையும் எளிதன்று. கேரி கெய்ன்ஸ் என்னும் அவர், அப்பருவத்தில் மிட்லண்ட் லீ பள்ளியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அன்றிரவு வீடு திரும்பியபோது, 'விற்பனைக்கு' என்னும் பலகைகள் அவருடைய வீட்டு முற்றத்தில் நடப்பட்டிருந்தன. ஊரைவிட்டுப் போ என்பதே அதன் பொருள். மறு ஆண்டு அவரது அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் மாநிலப் பட்டம் வென்றது. மனிதர் அவரே, ஊரார் காட்டிய முகம்தான் மாறியது.

பயிற்சியாளர் வளர்ந்தவர், சம்பளம் பெறுபவர். பிள்ளையின் நிலை என்ன? அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பருவம் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில், அணியின் சிறந்த ஓட்டக்காரனாகிய கறுப்பின மாணவன் முழங்காலில் காயமுற்றான். சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவன் அவன். பல்கலைக்கழகங்கள் அவனை நாடி அனுப்பிய கடிதங்களை அவன் பெருஞ்செல்வமாகப் போற்றி வந்தான். வேறொரு மாணவன் அவன் இடத்தில் நின்று நன்றாக ஆடவே, ஊர் அவனை மறந்தது, கடிதங்கள் நின்றன. பருவத்தின் நடுவிலேயே அணியை விட்டு விலகினான். இருப்புப்பாதைக்குத் தெற்கே வாழ்ந்த ஏழைக் கறுப்பின, மெக்சிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், 1982-இல் தங்கள் எக்டர் பள்ளி நீதிமன்ற ஆணையின்படி மூடப்பட்ட பிறகே பெர்மியனில் பெருமளவில் இடம் பெற்றனர். அவர்களுள் ஓடத் தெரிந்தவனை ஊர் தோளில் தூக்கிற்று. ஓட இயலாத நாளில் அவன் மீண்டும் தெற்குப் பகுதிச் சிறுவனானான்.

கல்வியைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. தேறாத மாணவன் ஆடலாகாது என்று டெக்சாஸ் அரசு 1984-இல் விதித்தது. நூற்றுக்கு 70-க்குக் குறைந்தவனுக்கு ஆறு வாரத் தடை. பின்னர் 1995-இல் அது மூன்று வாரமாகச் சுருங்கிற்று. 1988-இல் பெர்மியனை அரையிறுதியில் வென்ற டல்லஸ் கார்ட்டர் பள்ளியின் கதை இவ்விதியோடு பிணைந்தது. அப்பள்ளி மாணவன் ஒருவனின் இயற்கணித மதிப்பெண் பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. வழக்கு நடக்கும்போதே கார்ட்டர் மாநிலப் பட்டம் வென்றது. 1991-இல் அப்பட்டம் பறிக்கப்பட்டது. இதற்கிடையே 1989-இல் அவ்வணியினர் சிலர் ஆயுதமேந்திய கொள்ளைகளில் சிக்கிச் சிறை சென்றனர். அவர்கள் மதிப்பெண்ணுக்காக வாதாடப் பெரியோர் பலர் இருந்தனர். அவர்கள் மனச்சான்றை வளர்க்க எத்தனை பேர் இருந்தனரோ? பெர்மியனும் குறையற்றதன்று: அனுமதிக்கப்படாத காலத்தில் பயிற்சி நடத்தியதற்காக, 1990-இல் அது மாநிலப் போட்டியின் இறுதிச் சுற்றுகளினின்று விலக்கப்பட்டது.

இவை பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. டல்லஸுக்கு வடக்கே உள்ள ஆலன் என்னும் ஊரில், 2012-இல் 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் அமரும் அரங்கை ஒரே உயர்நிலைப் பள்ளிக்காகத் திறந்தனர். ஈராண்டு நிறையுமுன் கான்கிரீட்டில் விரிசல் கண்டு, 2014-இல் அதை மூடிச் செப்பனிட நேர்ந்தது. 2015-இல் மீண்டும் திறந்தனர். அடுத்தடுத்த ஊர்கள் அதைக் காட்டிலும் விலையுயர்ந்த அரங்குகளை எழுப்பப் போட்டியிட்டன.

இவையெல்லாம் அரசுப் பள்ளிகளின் கதை. நம் திருச்சபையின் பள்ளிகள் எப்படி என்று வாசகர் கேட்கலாம். மேற்கே கலிபோர்னியா மாநிலத்தில் இருவகைப் பாடமும் கிடைக்கின்றது. லசால் சபைச் சகோதரர்களின் மரபில் கான்கார்டு நகரில் நடைபெறும் தெ லா சால் பள்ளி, 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. அதன் பயிற்சியாளர் பாப் லடுசூர் மறைக்கல்வியும் கற்பித்தவர். வாரந்தோறும் ஒவ்வொரு மாணவனும், தான் செய்யப்போவதை ஒரு சீட்டில் எழுதித் தோழர்முன் வாக்களிப்பது அங்கு வழக்கம். வெற்றியைக் காட்டிலும் கொடுத்த வாக்கைக் காப்பது பெரிது என்று அவன் அதனால் கற்றான்.

அதே மாநிலத்தில், நாட்டின் முதல் வரிசை அணிகளுள் ஒன்றாகிய சாந்தா அனா நகரின் மாத்தர் தேய் கத்தோலிக்கப் பள்ளியின்மீது 2021-இல் ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தது. உடைமாற்றும் அறையில் அணியினர் வழக்கமாக நடத்திய முரட்டுச் 'சடங்கில்' தம் மகன் மூளைக் காயமுற்றான் என்பது அவர்களது முறையீடு. அது நாடெங்கும் பெரும் செய்தியாயிற்று. சுவரில் தொங்கும் சிலுவை மட்டும் ஒரு பள்ளியைக் காத்துவிடாது என்பதை நாம் மனத்திற் கொள்ளல் நலம்.

விளையாட்டு தீயதன்று, பணமும் தன்னளவில் தீயதன்று. ஒடெசா மக்கள் கொடியவரும் அல்லர். தங்கள் வாழ்வின் ஏமாற்றங்களையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் மறக்க விரும்பிய எளிய மனிதர்கள். ஆனால் பெரியோரின் ஏக்கம் முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளையின் முழங்காலில் ஏற்றிவைத்தால் அது தாங்காது. முறிந்தபின் ஊருக்கு அடுத்த பருவம் உண்டு, பிள்ளைக்கு இல்லை.

பெற்றோர் பெருமக்களே, வென்று வரும் பிள்ளையை வாயிலில் நின்று வரவேற்பது எவர்க்கும் எளிது. தோற்றும் நொண்டியும் வரும் நாளிலும் அதே விளக்கு ஏற்றியிருக்கிறதா, அதே தட்டில் அதே சோறு இருக்கிறதா என்பதைக்கொண்டே அவன் தன் மதிப்பை அறிந்துகொள்கிறான்.