வீட்டை இழுத்துக்கொண்டு கடலோரம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் வசிக்கும் என் மகன், 28 அடி நீளமுள்ள பிரயாண டிரெய்லர் ஒன்றை வாங்கினான். அதைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு, கொலம்பியா நதி சமுத்திரத்தோடு சங்கமமாகும் அஸ்டோரியாவிலிருந்து கலிபோர்னியாவின் மான்ட்டரே வரை கடலோரமாகப் போய்வர வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டபோது, வழியை ஆராய்ந்து வகுக்கும் பொறுப்பு என்னை வந்து சேர்ந்தது. படுக்கையும் அடுப்பங்கரையும் குளியலறையும் அடங்கிய ஒரு வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக் கூடவே அழைத்துச் செல்வது சௌகரியத்தின் சிகரம் என்றுதான் முதலில் எண்ணினேன். அந்தச் சௌகரியத்துக்கு எத்தனை விவேகம் தேவைப்படுகிறது என்பதை, மழைக்காலத்து மாலைகளில் சாப்பாட்டு மேஜைமேல் பூகோளப் படங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகே உணர்ந்தேன்.

ஆரம்பம் எடைக் கணக்கு. டிரெய்லரின் விளம்பரத் தாளில் காணும் எடை, அதனுள் ஒரு கரண்டிகூட வைக்காத வெறுங்கூட்டின் எடை; எரிவாயுவும் பாத்திரமும் துணிமணியும் சேர்ந்தபின் அது எவ்வளவு கனக்கிறது என்பதை, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றித்தான் அறிய வேண்டும். எங்களுடையது அங்கே 7,000 பவுண்டு காட்டியது. அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை, வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் ஹிட்ச்சின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லரின் பின்புறம் பக்கவாட்டில் அலையத் தொடங்கும், மிகுந்தால் வண்டியின் பின்பாகம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் தரையில் பதியும் பிடிப்பு தளரும். வண்டி சுமக்கத்தக்க பாரம் 1,650 பவுண்டு என்று கதவோரத்துச் சீட்டில் அச்சிட்டிருந்தது. ஹிட்ச்சின்மேல் அழுந்துவது 900, இணைப்புக் கருவிகள் 100, நாங்கள் நால்வரும் சேர்ந்து 600. மிச்சம் 50 பவுண்டு. மலையையே இழுத்துவிடும் என்று நம்பியிருந்த வண்டிக்கு, இனி ஒரு பெட்டிக்குமேல் சுமக்க அனுமதி இல்லை என்பதை அந்தக் காகிதத்துண்டுதான் எங்களுக்குச் சொல்லிற்று.

வண்டியின் பின்தட்டில் ஏற்ற நினைத்த ஜெனரேட்டர் வீட்டிலேயே தங்கியது. ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்குமேல் கனக்குமாதலால், 40 காலன் தொட்டியை முகாமை அடைந்த பிறகே நிரப்புவது என்று தீர்மானித்தோம். “கிரைண்டர் வேண்டாம் மாமா, மாவை அரைத்து ஃபிரிட்ஜில் கொண்டுபோய்விடலாம்” என்று மருமகள் தானாகவே முன்வந்து சொன்னாள்.

அடுத்தது திசை. கோடையில் அந்தக் கரையில் வடமேற்குக் காற்று பலமாக வீசுவது வழக்கம். தெற்கு நோக்கிச் சென்றால் அக்காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கம் இருக்கும். அமெரிக்கச் சாலைகளில் வலப்புறம் செல்வது விதியாதலால், தெற்கே செல்லும் வண்டிக்குக் கடல் தன் பக்கத்திலேயே அமைகிறது. ஒதுங்கி நின்று கடலைப் பார்க்கவேண்டிய இடங்களுக்கு, எதிர்வரும் வண்டிகளைக் கடந்து அந்த நீண்ட உடலைத் திருப்பவேண்டிய அபாயம் இல்லை. ஆகவே வடக்கிலிருந்து தெற்கே செல்வது என்பதில் எங்களுக்குள் இரண்டாவது அபிப்பிராயம் எழவில்லை.

காற்று எதிர்பாராமல் பக்கவாட்டில் அடித்து டிரெய்லர் ஆடத் தொடங்கினால், பதறி வண்டியின் பிரேக்கை மிதிக்கலாகாது. கால் விசையைத் தளர்த்தி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கைவிசையால் அழுத்த வேண்டும். பின்நோக்கிச் செலுத்தும்போது ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்புறம் திரும்பும். இவற்றை என் மகன் விடுமுறைநாள் காலைகளில் ஆளற்ற ஒரு மைதானத்தில் திரும்பத் திரும்பப் பயின்றான். நான் பின்னால் நின்று, அவன் கண்ணாடியில் தெரியும்படி கை காட்டினேன்.

ஆரிகனின் 363 மைல் கடற்கரையை ஒட்டிச் செல்லும் 101-ஆம் நெடுஞ்சாலை, டிரெய்லருக்குத் தாராளமாகவே இடம் தருகிறது. ஒரு காலத்தில் படகில் ஏற்றி வண்டிகளைக் கடத்திய கழிமுகங்களின்மேல், கான்டே மெக்கல்லோ என்ற பொறியியல் மேதை வடிவமைத்து 1936-இல் திறக்கப்பட்ட ஐந்து பெரிய பாலங்களுள், நியூபோர்ட்டின் யக்வினா விரிகுடாப் பாலம் என் மனத்தில் நீங்காமல் நிற்கிறது. அக்காலத்து வண்டிகளுக்காக அளந்து போட்ட அந்தப் பாலத்தில், எட்டடி அகல டிரெய்லரோடு மெதுவாக ஊர்ந்தபோது, வளைவுகளின் கம்பீரத்தை நின்று ரசிக்க அவகாசம் இல்லாவிடினும், கட்டியவரின் கலையுள்ளத்தை வணங்கத் தோன்றியது. ஐந்தில் ஒன்றான ஆல்சி விரிகுடாப் பாலம் உப்புக் காற்றால் அரிக்கப்பட்டு, 1991-இல் அதன் இடத்தில் வேறு பாலம் வந்தது. கான்கிரீட்டினுள் புதைந்த இரும்பையே தின்றுவிடும் காற்று டிரெய்லரின் ஆணிகளையும் அச்சுகளையும் விட்டுவைக்குமா? ஆகவே, கடலோர முகாம் ஒவ்வொன்றிலும் நல்ல தண்ணீர் விட்டு அதைக் கழுவுவதையும் எங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கலிபோர்னியாவுக்குள், லெகெட் என்ற சிற்றூரில், எங்கள் திட்டத்தின் பெரும் பிரச்சனை காத்திருந்தது. உலகப் பிரசித்தி பெற்ற முதலாம் எண் நெடுஞ்சாலை அங்கேதான் 101-ஐ விட்டுப் பிரிந்து, மலைக்காட்டினூடே கொண்டையூசி வளைவுகளாகச் சுழன்று இறங்கிக் கடலைத் தேடுகிறது. கடலோரம் போகிறவர்கள் கடலோரச் சாலையை விடலாமா என்று என் மகன் கேட்டது நியாயமே. ஆனால் படத்தில் சற்று வடக்கே பார்த்தேன்: ‘தொலைந்த கரை’ என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியில், மலைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குவதால், நெடுஞ்சாலையே கரையைக் கைவிட்டு உள்நாட்டுக்குத் திரும்பியிருந்தது. சாலை அமைத்தவர்களே விலகிப்போன இடத்தில், நாம் விலகுவதில் குறைவு ஒன்றுமில்லை. டிரெய்லரோடு 101-இலேயே தெற்கே செல்வது, முதலாம் எண் சாலையிலுள்ள மெண்டசினோவின் செங்குத்துக் கரையை வேறொரு நாள் வண்டியில் மட்டும் சென்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

மான்ட்டரேக்குத் தெற்கே, அதே முதலாம் எண் சாலை செல்லும் பிக் சர் மலைக்கரை விஷயத்திலும் அதே நியாயந்தான். 1937-இல் திறக்கப்பட்ட அந்த மலைச்சாலை, 2017 மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் சரிந்த மண்ணில் மூழ்கி, மறுவருஷம் ஜூலையில்தான் மீண்டும் திறந்தது. அங்குள்ள ஃபைஃபர் மாநிலப் பூங்காவிலோ 27 அடிக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இடமில்லை. ஓரடி மிகுதியால் நாங்கள் விலக்கப்பட்டோம். ஆகவே, கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே இடம் பதியலாம் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டு, இரண்டு மூன்று இரவுகள் தங்கத்தக்க முகாம்களைத் தேர்ந்து, ஒரே நாளில் 150 மைலுக்குமேல் இழுப்பதில்லை என்ற விரதத்தோடு புறப்பட்டோம்.

பிரயாணத்தின் மிகச் சிறந்த நாட்கள், டிரெய்லரை இழுத்த நாட்கள் அல்ல. அதை மரநிழலில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு வெளியேறிய நாட்கள். ஃப்ளோரன்ஸ் நகருக்குத் தெற்கே பரந்த மணற்குன்றுகளில் பேரன் கை பிடித்து நடந்தேன். ஆரிகன் சட்டமன்றம் 1967-இல் இயற்றிய சட்டத்தால் அந்தக் கடற்கரையின் மணலில் நடமாடும் உரிமை பொதுமக்களுக்கு இருக்கிறது. வேலியோ காவலோ குறுக்கிடாமல், களைக்கும்வரை நடக்கலாம். மான்ட்டரேயிலிருந்து வண்டியில் மட்டும் சென்று, பள்ளத்தாக்கின்மேல் ஒரே வளைவாய் நிற்கும் பிக்ஸ்பி பாலத்தைக் கண்டபோது, பின்னால் வீடு இல்லாத லேசில் என் மகனின் தோள்கள் தளர்ந்திருந்ததைக் கவனித்தேன். அன்றுதான் அவனும் கடலைப் பார்த்தான்.

இத்தகைய பிரயாணத்துக்குத் திட்டமிடும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். எந்த வழியில் போகலாம் என்று தேடுவதற்கு முன், எந்த வழியில் போகலாகாது என்று நிர்ணயம் செய்யுங்கள்; வண்டியை எடைமேடையில் ஏற்றாமல் மலையில் ஏற்றாதீர்கள்; டிரெய்லரை நிறுத்திவைக்கும் நாட்களை, இழுக்கும் நாட்களைவிட ஒன்றேனும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு உடன் வருவது இரவில் நிம்மதியாக உறங்குவதற்கு. கடலைக் காண்பதற்கு, அதை விட்டுவிட்டு இறங்கி நடக்கத்தான் வேண்டும்.